பூனை படுக்காத பெட்டி

"எதுவுமே காணாமப் போகலை சார். யாரும் சாகலை. யாரும் யாரையும் மிரட்டலை. எல்லாம் ரொம்ப நல்லா நடக்குது. அதான் பயந்துபோய் உங்ககிட்ட வந்தேன்."

சாய்த்துப் போட்டிருந்த நாற்காலியின் முன்கால்களை மாப்பிள்ளை தரையில் இறக்கினார். 'உங்களுக்கு வேண்டியது டாக்டர், நாங்க இல்லம்மா' என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. வந்திருப்பவளின் முகத்தைப் பார்த்து அதை விழுங்கினார். விழுங்குவதற்கு அன்று காலையிலிருந்து அவருக்கு வேறு எதுவும் கிடைக்கவில்லை.

மேஜைக்கு அந்தப் பக்கம் மோப்பம் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். 'மோப்பம் துப்பறியும் நிலையம்' என்ற பலகையை நம்பி மாடியேறி வருகிறவர்கள் முதலில் காண்பது இந்தக் காட்சியைத்தான். மனிதருக்கு வருஷம் முழுக்க ஜலதோஷம். கண் கூர்மை, காது அதைவிடக் கூர்மை, மூளையும் குறை சொல்ல முடியாது. மூக்கு மட்டும் பெயரளவில்தான்.

மாப்பிள்ளை அவருடைய தங்கையின் கணவர். தங்கை புருஷனை உதவியாளராக வைத்துக்கொண்டால் என்ன கதி என்று யாராவது கேட்டால் மோப்பம் பெருமூச்சு விடுவார். திட்ட முடியாது, நீக்க முடியாது, 'நீ' என்றுகூடச் சொல்ல முடியாது. மாப்பிள்ளைக்கும் இது தெரியும். அதனால்தான் நாற்காலியை அந்தச் சாய்ப்பு சாய்க்கிறார்.

"ஆரம்பத்துல இருந்து சொல்லுங்கம்மா," என்றார் மோப்பம்.

"எங்களோடது மூக்குக்கண்ணாடிக் கம்பெனி சார். மாமனார் ஆரம்பிச்சது. கீழே கடை, பின்னாடி லென்ஸ் தேய்க்கிற கூடம், மாடியில கம்ப்யூட்டர் ரூம். எந்தக் கண்ணுக்கு எவ்வளவு பவர்ங்கிறது எல்லாம் சர்வர்லதான் இருக்கு. அது சொன்னாதான் தேய்க்கிற மெஷினே சுத்தும். சர்வர் படுத்துட்டா கம்பெனிக்கே கண்ணு தெரியாது."

"படுத்துடுச்சா?"

"படுக்கவே மாட்டேங்குது சார்! ரெண்டு மெஷின் இருக்கு. ஒண்ணு மெயின், ஒண்ணு ஸ்பேர். மெயின் நின்னா ஸ்பேர் எடுத்துக்கணும். எடுத்துக்குதான்னு பார்க்க மாசாமாசம் ஒத்திகை. மாமா தன் கையாலயே மெயின் சுவிட்சை அணைப்பார். அடுத்த நொடி... அடுத்த நொடின்னு கூட சொல்ல முடியாது, நடுவுல இடைவெளியே கிடையாது. எல்லாம் அப்படியே ஓடும். எல்லாரும் கைதட்டுவாங்க."

"நல்லதுதானே?" என்றார் மாப்பிள்ளை.

"மயக்கம் போட்டு விழுந்தவர் எழுந்தாக்கூட 'நான் எங்க இருக்கேன்'னு கேட்கிற அளவுக்காவது நேரம் ஆகும் சார். இது கண்ணைக்கூட சிமிட்டலை. நான் பொறுப்புக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகுது."

மோப்பத்தின் கைக்குட்டை மூக்கருகே நின்றது. இதுவரை அவர் கவனமாகக் கேட்கவில்லை, இப்போதுதான் கேட்கிறார் என்பதற்கு அது அடையாளம்.

"இன்னைக்கு ஏன் வந்தீங்க? நேத்தே வந்திருக்கலாம், நாளைக்கும் வரலாம்."

"ஒரு கண் ஆஸ்பத்திரிக்காரங்க ஆபரேஷன் முடிஞ்ச எல்லாருக்கும் எங்ககிட்டயே கண்ணாடி வாங்கப் போறாங்க. அதுக்கு, 'சிஸ்டம் நின்னாலும் திரும்ப எழுந்திருக்கும், நான் சோதிச்சுப் பார்த்தேன்'னு பொறுப்பாளர் கையெழுத்துப் போடணும். பொறுப்பாளர் நான். சாயந்திரம் அதிகாரி வர்றார்."

"போடலைன்னா?"

அவள் கைப்பையின் வாரைப் பிசைந்தாள். "இந்த ஒத்திகையை ஏற்பாடு பண்ணினது என் கொழுந்தன் சார். இப்ப வேற ஊர்க் கிளையில இருக்கார். ஆதாரம் இல்லாம வாயைத் திறந்தா, 'வந்தவ வீட்டை ரெண்டாக்கறா'ன்னு பேச்சு வரும். பொய்க் கையெழுத்துப் போட்டா, என்னைக்கோ ஒரு நாள் சர்வர் நின்னு, ஆபரேஷன் பண்ணின பாட்டி தாத்தா எல்லாம் அடுத்தவங்க கண்ணாடியை மாட்டிக்கிட்டு ரோட்டைக் கடப்பாங்க. நான் என்ன செய்ய?"

புகுந்த வீட்டில் வாயைத் திறக்கிற கஷ்டம் மாப்பிள்ளைக்குத் தெரியும். மனசு இளகிவிட்டது.

"போலாம் மச்சான். வழியில ஏதாவது சாப்பிட்டுட்டு..."

"வந்து சாப்பிடலாம் மாப்ள," என்று மோப்பம் எழுந்துவிட்டார்.

---

கண்ணாடிக் கம்பெனிக்குள் நுழைந்ததும் முதலில் வந்தது சத்தம். பின்கூடத்தில் லென்ஸ் தேய்க்கும் மெஷின்கள் 'கர்ர்ர்' என்று ஒரே சீராக இழுத்துக்கொண்டிருந்தன. அந்தச் சத்தம் படியேறி, சுவரேறி, மாடி வரை வந்தது. கொஞ்ச நேரத்தில் காது அதை மறந்துவிட்டது.

"ஏ.சி. பார்க்க வந்திருக்காங்க மாமா," என்று மருமகள் இருவரையும் அறிமுகம் செய்தாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

முதலாளி உருண்டையான மனிதர். ஒரு கண்ணாடி நெற்றியில், ஒரு கண்ணாடி கழுத்துச் சங்கிலியில், மூன்றாவதை மேஜைமேல் தேடிக்கொண்டிருந்தார். அந்தச் சங்கிலியிலேயே ஒரு சாவியும் தொங்கியது. ஏ.சி. என்றதும் தேடலை விட்டுவிட்டு ஓடி வந்தார்.

"வாங்க வாங்க! நல்ல நேரத்துல வந்தீங்க. குளிர் பத்தலை தம்பி. முக்கியமா இந்த மெயின் பெட்டிப் பக்கம். இங்க நல்லா ஜில்லுன்னு அடிக்கணும். அந்த ஸ்பேர் பக்கம் எப்படி இருந்தாலும் பரவாயில்லை."

கம்ப்யூட்டர் அறை சின்னது. பீரோ உயரத்துக்கு இரண்டு கறுப்புப் பெட்டிகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஒன்றின் நெற்றியில் 'மெயின்' என்ற ஒட்டுத்தாள், கதவில் பூட்டு, மேலே தூசி படாமல் கனத்த உறை. மற்றதில் 'ஸ்பேர்'. அதற்கு உறை இல்லை, பூட்டு இல்லை. அதன் உச்சியில் ஒரு பழுப்புப் பூனை உருண்டு படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

"பூனை?" என்றார் மோப்பம், ஒரு தும்மலுக்கும் அடுத்த தும்மலுக்கும் நடுவில்.

"எலித் தொல்லைங்க. கம்பியைக் கடிச்சுடுது. அதுக்குத்தான் இவரை வேலைக்கு வச்சிருக்கோம். கம்பெனியிலயே ஒழுங்கா வேலைக்கு வர்ற ஆள் இவர் ஒருத்தர்தான்," என்று முதலாளி சிரித்தார்.

அப்போது அவர் சட்டைப்பையில் போன் அலறியது. எடுத்தவர் முகம் பள்ளிக்கூடப் பையன் முகமாக மாறியது. "போட்டாச்சும்மா, மாத்திரை போட்டாச்சு. இனிப்பா? நானா? டாக்டர் சொன்ன நாள்ல இருந்து கண்ணால பார்த்ததோட சரி... சத்தியமா... சரி வச்சுடறேன்."

"மாமி," என்று மருமகள் மெல்லச் சொன்னாள்.

மாப்பிள்ளை மோப்பத்தின் காதருகே குனிந்தார். "மச்சான், இந்த ரூமுக்குள்ள கால் வச்சதுல இருந்து எனக்குப் பசி தாங்கலை."

"உங்களுக்கு எந்த ரூம்ல பசிக்கலை மாப்ள?"

"இல்ல மச்சான், இது வேற மாதிரிப் பசி. சாப்பிட்டு முடிச்ச பிறகு வர்ற பசி."

மோப்பம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதற்காகப் பின்னால் அவர் வருத்தப்படப் போகிறார்.

சாயந்திரம் அதிகாரி வருவதால் முதலாளியே ஒரு ஒத்திகையை முன்கூட்டி நடத்திப் பார்க்க ஆசைப்பட்டார். கடை ஆட்கள், கூடத்து ஆட்கள் எல்லாரும் வாசலில் வந்து கூடினார்கள். முதலாளி கழுத்துச் சாவியால் மெயின் பெட்டியின் கதவை ஒரு கை நுழையும் அளவுக்கு மட்டும் திறந்தார். தன் உடம்பாலேயே இடுக்கை மறைத்துக்கொண்டு உள்ளே கைவிட்டார்.

"நல்லாப் பாருங்க! கம்பெனியோட இதயத்தையே நிறுத்தப் போறேன்!"

டக்.

மருமகளின் மேஜையில் இருந்த திரை அசையவில்லை. கீழே 'கர்ர்ர்' சத்தம் நிற்கவில்லை, திணறவுமில்லை. கைதட்டல் எழுந்தது. பூனை ஒரு கண்ணைத் திறந்து கூட்டத்தைப் பார்த்து, இதற்கெல்லாமா என்று மூடிக்கொண்டது. முதலாளி கதவைப் பூட்டும்போது மட்டும் ரொம்பக் கவனமாகப் பூட்டினார்.

---

மாடிப்படித் திருப்பத்தில் மூவரும் கூடினார்கள்.

"மாப்ள, என்ன கவனிச்சீங்க?"

"அந்தப் பூனைக்கு வேலை நிரந்தரம். நமக்குத்தான் இல்ல."

"எலி எதுக்கு வரும்?"

"திங்கறதுக்கு."

"கம்ப்யூட்டர் ரூம்ல எதைத் திங்க வருது? கம்பியையா? வீட்டுல அத்தனை கம்பி இருக்கு, என்னைக்காவது எலி அதைச் சாப்பாடுன்னு நினைச்சு வந்திருக்கா? போகிற வழியில கடிக்கும். போகிற இடம் வேற." மோப்பம் மருமகளைப் பார்த்தார். "உங்க கொழுந்தனுக்கு போன் போடுங்கம்மா."

அவள் தயங்கினாள். போட்டாள். மாப்பிள்ளை போனைப் பறித்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைத்தார். விஷயம் பாதி சொல்வதற்குள் மறுமுனையில் சூடு ஏறிவிட்டது.

"என்ன அண்ணி, நான் வச்ச ஒத்திகை மேலயே சந்தேகமா? நேரா என்கிட்ட கேட்கக்கூடாதா? துப்பறிய ஆள் வைக்கிற அளவுக்கா நான் போயிட்டேன்?"

மருமகளின் கண் கலங்கிவிட்டது. "அப்படியில்ல தம்பி..."

"தம்பி, ஒரே ஒரு கேள்வி," என்று மோப்பம் குறுக்கே வந்தார். "நீங்க இருந்தப்போ அந்த ரூம்ல பூனை இருந்துச்சா?"

"பூனையா! சர்வர் ரூம்லயா? என் காலத்துல ஒரு ஈ உள்ள போகாது. எலியே கிடையாதுங்க."

"நீங்க நடத்தின ஒத்திகையில ஸ்பேர் எழுந்திருக்க எவ்வளவு நேரம் ஆச்சு?"

"ஒரு டீ குடிக்கிற நேரம். கூடமே நின்னு போச்சு. அப்பா வேர்த்து விறுவிறுத்துப் போயிட்டார், நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்துட்டார். ஆனா எழுந்துச்சு. அது ஒண்ணுதான் நான் நடத்தினது. மறுநாள் இங்க கிளம்பி வந்துட்டேன்."

"வேலையைத் திரும்ப மெயினுக்கு மாத்தினீங்களா?"

"நான் பார்த்துக்கறேன், நீ கிளம்புன்னு... அப்பா சொன்னார்." குரலில் சூடு இறங்கிவிட்டது. "அண்ணி... மாத்தலையா?"

மோப்பம் போனை மருமகளிடம் நீட்டிவிட்டு, திருப்தியாக ஒரு தும்மல் போட்டார்.

"மாப்ள, உங்களுக்கு ஒரு வேலை. உள்ள போய் அந்தப் பூனையைத் தடவிக் குடுங்க."

"துப்பறியற வேலையா மச்சான் இது?"

"முதலாளி பார்க்கும்போது தடவுங்க."

---

முதலாளி அறைக்குள் மெயின் பெட்டியின் உறையை நீவிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை ஸ்பேர் பெட்டியை நெருங்கினார். பூனைக்குப் பக்கத்தில்தான் அந்தப் பெட்டியின் சுவிட்ச். மாப்பிள்ளைக்கு அது தெரியாது. பூனையின் காதை மட்டும் பார்த்துக் கையை நீட்டினார்.

"தொடாதேய்!"

அந்த உருண்டை உடம்புக்குள் இப்படி ஒரு பாய்ச்சல் இருக்கும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். நெற்றிக் கண்ணாடி ஒரு பக்கம் பறக்க, கழுத்துக் கண்ணாடி முதுகுக்குப் போக, முதலாளி காற்றில் வந்தார். பூனை எழும்பி மருமகள் மேஜைக்குத் தாவியது. மாப்பிள்ளை ஒதுங்கினார். பிடிக்க ஆள் இல்லாத முதலாளி, கைக்கு அகப்பட்டதைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

கைக்கு அகப்பட்டது ஸ்பேர் பெட்டியின் மின்சார ஒயர்.

கீழே 'கர்ர்ர்' நின்றது. அவ்வளவு நேரமும் காது மறந்திருந்த சத்தம் போனதும்தான் கட்டடம் எவ்வளவு பெரியது என்று மாப்பிள்ளைக்குத் தெரிந்தது. கீழே யாரோ இருமுவது மாடி வரை கேட்டது. மருமகளின் திரை கறுத்துப் போயிருந்தது.

"நான் பூனையைத்தான் சார் தடவ வந்தேன்," என்றார் மாப்பிள்ளை, ஈனசுரத்தில்.

முதலாளி கையிலிருந்த ஒயரைப் பார்த்தார். அதன் நுனியைப் பார்த்தார்.

"மெயினை நிறுத்தினப்போ சிரிச்சீங்க," என்றார் மோப்பம். "ஸ்பேர் பக்கம் ஒரு கை போனதும் உயிரைக் குடுத்துப் பாயறீங்க. உயிர் எங்க இருக்கோ அங்கதானே மனுஷன் பாய்வான். அம்மா, விஷயம் இதுதான். முதல் ஒத்திகையோட வேலை எல்லாம் ஸ்பேருக்கு வந்துடுச்சு. திரும்பப் போகவே இல்ல. அன்னையில இருந்து இந்தக் கம்பெனி ஸ்பேர்லதான் ஓடுது. மெயின் சும்மா நிக்குது."

"ஆனா ஸ்கிரீன்ல 'மெயின் நல்லா ஓடுது'ன்னுதானே சார் காட்டும்?"

"நாற்காலியில யார் உட்கார்ந்திருக்காரோ அவர்தான் மேனேஜர். ஓடுற பெட்டி எதுவோ அதுதான் ஸ்கிரீனுக்கு மெயின். வெளிய ஒட்டியிருக்கற பேரை அது எங்க படிச்சுது? உங்க பூனை ஒட்டுத்தாளைப் படிக்கலை, ஸ்கிரீனையும் பார்க்கலை. இந்தக் குளிர்ல எந்தப் பெட்டி சூடா இருக்கோ அது மேல ஏறிப் படுத்துடுச்சு. ஓடாத பெட்டி சுடாது. மாசாமாசம் செத்த மெஷினைக் கொன்னுட்டு, யாருக்கும் காயமில்லைன்னு கைதட்டியிருக்கீங்க."

மருமகள் மெல்ல முதலாளி பக்கம் திரும்பினாள். "மாமா, உங்களுக்குத் தெரியுமா?"

முதலாளி தரையிலேயே உட்கார்ந்திருந்தார். "அன்னைக்கு அந்தச் சத்தம் நின்னுச்சு பாரும்மா... என் நெஞ்சே நின்னு போச்சு. கம்பெனி ஆரம்பிச்ச நாள்ல இருந்து அது நின்னதில்ல. இன்னொரு தடவை அதை என்னால தாங்க முடியாதுன்னுதான் ஓடாததையே நிறுத்திக் காட்டினேன். நெருப்பணைக்கப் பழகறதுக்கு யாராவது சொந்த வீட்டைக் கொளுத்துவாங்களா?"

"பூனை கண்ணை மூடிக்கிட்டா பூலோகம் இருண்டு போயிடுமா மாமா?"

மேஜைமேல் இருந்த பூனை தன்னைச் சொன்னதாக நினைத்து நிமிர்ந்தது.

"சரி," என்றார் மோப்பம். "பயந்து செஞ்சது ஒரு பாதி. இன்னொரு பாதிதான் எனக்குப் பிடிபடலை. ஓடாத பெட்டிக்கு எதுக்கு இவ்வளவு குளிர் கேட்டார்? எதுக்குப் பூட்டு? எலி எதைத் தேடி வருது?"

மாப்பிள்ளை உறையை மோந்து பார்த்தார். கதவிடுக்கை மோந்து பார்த்தார். பிறகு, வாழ்நாளிலேயே முதல்முறையாகத் தன் வயிற்றுக்காகப் பெருமைப்பட்டார்.

"மச்சான், மூக்கு அடைச்சவருக்குப் போய் 'மோப்பம்'னு பேரு. நான் வந்த உடனே சொன்னேன். சாப்பிட்டு முடிச்ச பிறகு வர்ற பசின்னு. சாக்லேட்!"

சாவி கைமாறியது. கதவு திறந்தது. கம்பெனியின் இதயம் என்று சொன்ன பெட்டிக்குள், மெஷினுக்கு மேலும் கீழும் தட்டு தட்டாகச் சாக்லேட். பால் சாக்லேட், முந்திரி சாக்லேட், வெளியூர்ப் பெட்டிகள், பாதி கடித்து மடித்து வைத்த வெள்ளித்தாள்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதைக் கேள்விப்பட்டிருக்கிறோம். இவர் ஒரு மிட்டாய்க் கடையையே சர்வரில் மறைத்திருந்தார்.

"வீட்டு ஃபிரிட்ஜை அவ தினம் சோதனை போடறாம்மா," என்றார் முதலாளி. "இதை ஒருத்தரும் திறக்க மாட்டாங்கன்னு..."

மருமகளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். சிரிப்பு வந்தது. கீழே கடையிலிருந்து குரல்கள் எழத் தொடங்கியதும் அதுவும் போய்விட்டது.

---

ஸ்பேர் எழவில்லை. ஒயரைச் செருகினார்கள். பெட்டி ஒரு முறை முனகிவிட்டு, திரையில் ஏதோ கணக்குப் பார்க்கத் தொடங்கியது. ஓடிக்கொண்டிருக்கும்போது பிடுங்கினால் அப்படித்தான், தன்னைத்தானே சரிபார்த்துக்கொண்டு நாளைக்குத்தான் வரும் என்றாள் மருமகள்.

"அப்போ எல்லாம் போச்சா?" என்றார் முதலாளி. "எத்தனை பேரோட கண்ணும்மா..."

மருமகள் கைப்பையைத் திறந்தாள். குழந்தையின் கிரேயான்கள், உடைந்த சீப்பு, அவற்றுக்கு அடியில் ஒரு சின்ன டிஸ்க்.

"தினமும் வேலை முடிஞ்சதும் ஒரு காப்பி எடுத்து வீட்டுக்குக் கொண்டு போவேன் மாமா. 'ஆபீஸை வீட்டுக்குத் தூக்கிட்டு வராதே'ன்னு நீங்க திட்டுவீங்கன்னு சொல்லலை. ஆனா இது வேலை செய்யுமான்னு எனக்கே தெரியாது. போட்டுப் பார்க்க ஒரு சும்மா இருக்கற மெஷின் வேணும். சும்மா இருக்கற மெஷினைத்தான் நீங்க பூட்டி வச்சிருந்தீங்க. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமான்னு இன்னைக்குத் தெரிஞ்சுடும்."

இந்த டிஸ்க் திறக்காவிட்டால் கையெழுத்துக்கு வேலையே இல்லை. கம்பெனிக்கே வேலை இல்லை.

மாப்பிள்ளை சாக்லேட்டைக் காலி செய்தார். எங்கே என்று கேட்கக்கூடாது. மோப்பம் தும்மித் தும்மியே பாதித் தூசியை அகற்றினார். முதலாளி கீழே போய்க் கூட்டத்தைச் சமாளித்தார். யாருடைய கண்ணாடி எது என்று தெரியாமல் இருப்பதை எல்லாம் எடுத்துப் பரப்பி, "மாட்டிப் பாருங்க, சரியா இருந்தா அது உங்களோடது" என்றார். ஒரு பெண்மணி யாருடையதையோ மாட்டிக்கொண்டு கணவரை நெடுநேரம் பார்த்தாள். "இதுவே இருக்கட்டுங்க. இதுல இவர் கொஞ்சம் நல்லா இருக்கார்."

மாடியில் மருமகள் மெயின் சுவிட்சைப் போட்டாள். உள்ளே விசிறி சுழன்றது. மூலையில் ஒளிந்திருந்த வெள்ளித்தாள்கள் பறந்து வந்து மோப்பத்தின் தலையில் விழுந்தன. டிஸ்கைச் செருகினாள். திரையில் ஒரு கோடு நகரத் தொடங்கியது. நின்றது. நகர்ந்தது. மறுபடி நின்றது. அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். மாப்பிள்ளைகூடச் சாப்பாட்டை மறந்து நின்றார்.

கீழே எங்கோ ஒரு மெஷின் 'கர்' என்றது. இன்னொன்று சேர்ந்தது. பிறகு கூடம் முழுக்க 'கர்ர்ர்'.

கடையில் இருந்த முதலாளி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து அழுதுவிட்டார். இவ்வளவு நேரம் அது நின்றிருந்தும் தான் சாகவில்லை என்பது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

---

ஆஸ்பத்திரி அதிகாரி வந்தபோது தாளை நீட்டினார். மருமகள் பேனாவைத் தொடவில்லை.

"இன்னைக்கு எங்க சர்வர் நிஜமாவே நின்னு போச்சு சார். எழுப்ப மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க ஆச்சு. இப்ப ஒரே மெஷின்லதான் ஓடுது. இன்னொண்ணும் எழுந்து, ரெண்டையும் மாத்தி மாத்தி நிறுத்திப் பார்த்துட்டுதான் கையெழுத்துப் போடுவேன்."

முதலாளி முன்னால் வந்தார். "தப்பு என்னோடது சார். என் சின்னப் பையனோடதும் இல்ல, என் மருமகளோடதும் இல்ல. அவ இல்லைன்னா இன்னைக்கு நீங்க பூட்டின கடையைத்தான் பார்த்திருப்பீங்க."

மருமகள் அவரைப் பார்த்தாள். அவ்வளவு பேர் முன்னால் மாமனார் தன் பக்கம் நின்று பேசுவது அதுதான் முதல் தடவை.

அதிகாரி தாளை மடித்தார். "போற இடமெல்லாம் தாளை நீட்டின உடனே கையெழுத்துப் போட்டுத் தர்றாங்க. மாட்டேன்னு சொன்னது நீங்க ஒருத்தர்தான். அடுத்த வாரம் வர்றேன். உங்களுக்காகக் காத்திருப்போம்."

அடுத்த வாரம் கொழுந்தனும் ஊரிலிருந்து வந்து அண்ணியோடு உட்கார்ந்தான். மெயினை நிறுத்தினார்கள், சத்தம் நின்றது, ஸ்பேர் எழுந்தது. ஸ்பேரை நிறுத்தினார்கள், சத்தம் நின்றது, மெயின் எழுந்தது. ஒவ்வொரு முறையும் முதலாளி கண்ணை இறுக மூடி, நெஞ்சில் கைவைத்து, ஆனால் அறையை விட்டு ஓடாமல் நின்றார். கடைசியில் இரண்டும் ஒன்றாக உயிரோடு ஓடின. இரண்டும் சுட்டன. எதில் படுப்பது என்று புரியாத பூனை, முன்னங்கால் மெயினிலும் பின்னங்கால் ஸ்பேரிலுமாக நீட்டிப் படுத்துக்கொண்டது.

"இதைவிட வேற சான்றிதழ் வேணுமா?" என்றார் மோப்பம்.

அதிகாரி தாளை விரித்தார். மருமகள் பேனாவின் மூடியைக் கழற்றினாள்.

"மச்சான்," என்றார் மாப்பிள்ளை, வயிற்றைத் தடவியபடி. "எனக்கு மறுபடியும் பசிக்குது."

பேனா நின்றது. அறையில் இருந்த எல்லாரும் ஒரே நேரத்தில் முதலாளியைப் பார்த்தார்கள். அவர் கூரையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், பார்க்கக் கூடாது பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே, வாசலருகே சுவரில் மாட்டியிருந்த சிவப்புத் தீயணைப்புப் பெட்டியைப் பார்த்துவிட்டார்.

மருமகள் பேனாவை மூடிவிட்டுக் கையை நீட்டினாள்.

"மாமா. சாவி."

தீயணைப்புக் கருவி படிக்கட்டுக்கு அடியில் கிடந்தது. அதைத் தேடியெடுத்து அதன் இடத்தில் மாட்டிய பிறகுதான் கையெழுத்து விழுந்தது. பெட்டியைக் காலி செய்து கொடுக்கும் பொறுப்பை மாப்பிள்ளையே ஏற்றுக்கொண்டார்.